பெருமாள்சாமி பேரில் எடுத்த புத்தகங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயலக்ஷ்மி மேடம் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். மூன்று வருடமாக அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். லைப்ரரிக்குள் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. 

“ஹெலன், இந்த வருஷம் புத்தகம் போனதுல நம்ம ப்ராஞ்ச்தான் ஃபர்ஸ்ட்டாம். நூலக வாரத்துக்கு நம்ம ரீடர் ஒருத்தரை கௌரவம் பண்ணப்போறாங்களாம்.”

“யாரை மேடம்?”

“பெருமாள்சாமின்னு ஒருத்தர். ஒரே வருஷத்துல நூத்திப் பதினெட்டு புத்தகம் எடுத்திருக்கார். நான் இருக்கற நாள்ல வர்றதில்லை போலிருக்கு. நீ பாத்திருப்பியே, எப்படி இருப்பார்?”

பெருமாள்சாமி எப்படி இருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லேத் பட்டறை வைத்திருந்தவர். தினமும் முதல் ஆளாக வந்து தமிழ்ப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு வேறு யாருக்கும் தரமாட்டார். கொரோனாவின் இரண்டாவது அலையில் செத்துப்போனார். மேடம் இந்த ப்ராஞ்சுக்கு வந்தது அதற்கு அப்புறம்.

“நல்லா இருப்பார் மேடம்” என்றேன்.

 பெருக்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தை நின்று பெருக்கினேன்.

நான் அந்த லைப்ரரியில் அட்டெண்டர். பெங்களூர் ஆடுகோடியில் பட்டறைகளுக்கு நடுவில், ரேஷன் கடை மாடியில் இரண்டு ரூம், அதுதான் எங்கள் ப்ராஞ்ச். அரசாங்க வேலையெல்லாம் இல்லை, காண்ட்ராக்ட். பெருக்குவது, அடுக்குவது, புத்தகத்தில் தேதி முத்திரை குத்துவது எல்லாம் நான்தான். மேடத்துக்கு இரண்டு ப்ராஞ்ச். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறி வாரத்தில் மூன்று நாள்தான் இங்கே வருவார். மற்ற நாட்களில் சாவி, முத்திரை, ராஜ்ஜியம் எல்லாம் என்னுடையது. வீட்டில் என் கணவர் லாயிட் இடுப்பு போய் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறார். மகள் காலேஜில் படிக்கிறாள். இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இதை நான் மறந்த நாளே இல்லை, ஆனாலும் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

செய்தது இதுதான். லைப்ரரியில் சேர ஒரு ஃபாரம் உண்டு. அதில் சொந்த வீடு வைத்து வரி கட்டுகிற ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் லைப்ரரிக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக ஷீட் போட்ட வீடுகள் முப்பது நாற்பது இருக்கின்றன. எல்லாம் வாடகைக் குடித்தனம். பாதிப் பேர் எங்களை மாதிரி கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் வட ஆற்காட்டுக்காரர்கள். இவர்களுக்கு எந்த வீட்டுக்காரன் கையெழுத்துப் போடுவான்? வாடகை ரசீதிலேயே போடமாட்டான். நாளைக்கு வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வார்களோ என்று அவனுக்குப் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ராதா வந்தாள். ஷீட் வீட்டுக்காரி, அபார்ட்மெண்டில் வீட்டுவேலை. செருப்பைக் கீழே படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு, வாசலில் நின்று, “உள்ள வரலாமாக்கா?” என்று கேட்டாள். தண்ணி லாரிக்குக் காத்திருக்கும்போது படிக்க ஒரு கதைப் புத்தகம் வேண்டும் என்றாள். ஃபாரத்தைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எல்லா இடத்திலும் இப்படித்தானே என்கிற முகம். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ்ப் புத்தகம் இரண்டு அலமாரி நிறைய இருக்கிறது, தொட ஆளில்லை. யாரும் எடுக்காவிட்டால் மூட்டை கட்டி எங்கேயோ குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். படிக்க ஒருத்தி படியேறி வந்தால், வீட்டுக்காரன் கையெழுத்து எங்கே என்கிறார்கள்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. உறுப்பினர் டிக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப்போனால் தொலைந்துவிடும் என்று நிறையப் பேர் கவுண்டரிலேயே விட்டுவிடுவார்கள். நான் அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். அதில் செத்துப்போனவர்களின் டிக்கெட்டும் இருந்தது. யாரும் வந்து கேட்கவில்லை. அன்றைக்கு டப்பாவைத் திறந்து மேலே கிடந்த பெருமாள்சாமியின் டிக்கெட்டில் ராதாவுக்கு இரண்டு புத்தகம் கொடுத்தேன்.

அப்புறம் ராதா அடுத்த வீட்டுக்காரியைக் கூட்டிவந்தாள். அவள் அவளுடைய நாத்தனாரை. பத்தொன்பது டிக்கெட் எடுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் டிக்கெட்டில் கை வைக்கவில்லை, அது திருட்டு. செத்தவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நானாகவே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைக்குப் போகும்போது என் அப்பா அம்மாவுக்கு ஏற்றிய கையோடு அந்தப் பத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். பாதிப் பேர் இந்துக்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பெருமாள்சாமி டிக்கெட்டில்தான் அந்தச் சந்தே அதிகமாகப் படித்தது. எண்ணிக்கை இப்படி ஏறும், மேலிடத்தில் யாராவது உட்கார்ந்து கூட்டிப்பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் என் மூளை.

மேடம் சொன்னார்: “வியாழக்கிழமை தினேஷ் சார் வர்றார். பெருமாள்சாமி வீட்டுக்கே போய் சால்வை போட்டு ஃபோட்டோ எடுக்கணுமாம். ரிஜிஸ்டர்ல அட்ரஸ் இருக்கு. முன்னாடியே சொல்லாதே, ஆச்சரியமா இருக்கட்டும்.”

தங்க வயலில் என் அப்பா சுரங்கத்துக்குக் கீழே போகிறவர். ஷிப்ட் நேரம் தப்பிச் சங்கு ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம், அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அந்த ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது. அன்று பகல் முழுக்க நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். அவர் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு, “முப்பது வருஷ சர்வீஸ்ல இப்பதான் ஒரு நல்ல வார்த்தை கேக்கறேன் ஹெலன்” என்றார். ரிடையர் ஆக அவருக்கு ஒரு வருடம் பாக்கி. ரிஜிஸ்டரில் மாதா மாதம் கையெழுத்துப் போட்டவர் அவர். என்னோடு அவரும் போவார். எப்படிச் சொல்வேன்?

புதன்கிழமை பெருமாள்சாமி வீட்டைத் தேடிப் போனேன். இரண்டாவது கிராஸ் தெருவில் பச்சை கேட் போட்ட மாடி வீடு. பூட்டிக் கிடக்க வேண்டும், எல்லாரும் துபாய்க்கோ எங்கேயோ போய்விட்டிருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே நடந்தேன். கேட் திறந்திருந்தது. அவருடைய மனைவி வள்ளியம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, “என்னம்மா?” என்றார். குரலே அதட்டல்.

கேட்டுவிடலாம், காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறந்தால், “உங்களுக்குக் காவேரித் தண்ணி வருதாம்மா?” என்று வந்தது.

“வருதே. ஏன்?”

“ஒண்ணுமில்லம்மா, எங்க பக்கம் வரல.”

சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக மூலை திரும்பி ஒரு வெல்டிங் கடை ஓரமாக நின்றேன்.  ஹெலன், நீ ஒரு தண்டம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்தே விட்டது. பதினொரு மணிக்கு ஜீப்பில் தினேஷ் சார் வந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல இஸ்திரி சட்டை. கூடவே ஒரு சால்வை, மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை ஒன்று, ஒரு பழக்கூடை. பழக்கூடையை என்னிடம் கொடுத்தார்கள். தினேஷ் சார் கன்னடத்தில்தான் பேசினார். எங்களுக்கு அது வீட்டுப் பாஷை மாதிரி, அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

“இந்தக் காலத்தில் நூத்திப் பதினெட்டு புத்தகம் படிக்கிற மனுஷன்! அவர் முகத்தைப் பார்க்கணும்” என்றார்.

நடக்க நடக்கப் பழக்கூடை கனத்தது. பெருமாள்சாமிக்கு ஒரு தம்பி இருக்கக்கூடாதா, அவரை மாதிரியே இருக்கிற ஒரு தம்பி என்றெல்லாம் யோசித்தேன். பயம் வந்தால் புத்தி எங்கெங்கோ மேய்கிறது.

வள்ளியம்மா கதவைத் திறந்தார். மேடம் கையைக் கூப்பி, “பெருமாள்சாமி சார் இருக்காரா? லைப்ரரிலேர்ந்து வந்திருக்கோம்” என்றார்.

வள்ளியம்மா வழிவிட்டு உள்ளே கையைக் காட்டினார். ஹால் சுவரில் படம். சந்தன மாலை, கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. இறந்த தேதி போட்டிருந்தது.

  தினேஷ் சார் படத்தைப் பார்த்தார், பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார்.

“போன வாரம்கூட இரண்டு புத்தகம் எடுத்திருக்கார்” என்றார் மெதுவாக.

“யாரு? இவரா?” என்றார் வள்ளியம்மா.

தினேஷ் சாரின் முகம் மாறியது. “யாரோ டிக்கெட்டைத் திருடியிருக்காங்க. இது போலீஸ் விஷயம். ஸ்டாஃப் மேல தப்பில்லைன்னா பயப்பட வேண்டாம். புத்தகம் யார் வீட்டில் இருக்குன்னு தெரிஞ்சா போதும், கம்ப்ளெயிண்ட் கொடுத்துடலாம்.”

மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பக்கம் திரும்பி, “பின்னாடி ஷீட் வீட்டுலேர்ந்து யாரோ வருவாங்களே ஹெலன், நீ பாத்திருக்கேல்ல? பேரைச் சொல்லு. சொல்லும்மா. இல்லேன்னா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது” என்றார்.

இதைச் சொல்லத்தான் வேண்டும். நான் யோசிக்கவில்லை. லாயிட் கண்ணுக்கு முன்னால் வந்தார், மகள் வந்தாள் என்று கதை விடலாம். யாரும் வரவில்லை. அடி விழப்போகிறது என்று தெரிந்தால் கை தானாக முகத்தை மறைக்குமே, அப்படித்தான் வாய் தானாகச் சொன்னது.

“ராதா.”

“கூட்டிட்டு வா” என்றார் தினேஷ் சார்.

ஷீட் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கென்று லீவு போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ராதா, பெரிய ஆபீசர் வந்திருக்கார். உன்னைக் கூப்பிடறார். கையில இருக்கற புக்கை எடுத்துட்டு வா.”

“என்னையாக்கா? எதுக்கு?”

“வாயேன், சொல்றேன்.”

அவளுக்கு அந்த விழா விஷயம் தெரியும். செவ்வாய்க்கிழமையே மேடம் கீழே ரேஷன் கடைக்காரரிடம் பேரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லி, அது சந்து முழுக்கப் பரவிவிட்டது. நிறையப் படிக்கிற ஒருவருக்கு ஆபீசர் வந்து சால்வை போடுகிறார் என்று. ராதாவின் முகம் மலர்ந்துபோனது. “ஒரு நிமிஷம்க்கா” என்று உள்ளே ஓடினாள். தலையைச் சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நல்ல சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு புத்தகத்துக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கூட நடந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு கிராஸ் தூரம் இருந்தது. “ஆபீசர்கிட்ட இன்னும் நாலு புது புக்கு கேக்கலாமாக்கா?” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லார் முகத்தையும் பார்த்தாள், சுவரில் படத்தைப் பார்த்தாள். அவள் புத்திசாலி. சீக்கிரமே புரிந்துகொண்டாள்.

“இந்தப் புத்தகம் உனக்கு எப்படிக் கிடைச்சுது?” என்றார் தினேஷ் சார்.

ராதா என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள்.  நான் பழக்கூடையில் இருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானேதான் சார் எடுத்தேன்” என்றாள். “டப்பா மேசை மேல இருந்துச்சு. அக்கா பெருக்கப் போனப்ப எடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது.”

தினேஷ் சார் போனை எடுத்தார். ஸ்டேஷனுக்குத்தான். அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ராதா புத்தகத்தை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் குடுத்தேன் சார்” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் பார்த்தார். அதற்கப்புறம் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி எல்லாம் கொட்டியது. பத்தொன்பது டிக்கெட், ஃபாரம், கையெழுத்து, பிஸ்கட் டப்பா, மெழுகுவர்த்திகூட. ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை சார், ஒன்றுகூட நாள் தப்பி வரவில்லை சார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மேடத்துக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன், அதுவாவது உண்மை. மேடம் சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வள்ளியம்மா இவ்வளவு நேரமும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நேத்து தண்ணி வருதான்னு கேட்டது நீதானே?” என்றார்.

“ஆமாம்மா.”

“அப்பவே இதைக் கேக்கறதுக்கு என்ன? இவர் பேரைச் சொல்லி ஒரு சந்தே படிச்சிருக்கு, எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. உயிரோட இருக்கற என்னைக் கேக்க பயம், செத்தவர்கிட்ட எடுத்துக்கலாம். நல்லா இருக்கு உங்க நியாயம்.” தினேஷ் சார் பக்கம் திரும்பினார். “நான் வரி கட்டறேன் சார். எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடலாம்?”

 “எண்ணிக்கைக்கு ரூல் எதுவும் இல்லைம்மா” என்றார் தினேஷ் சார்.

“அப்ப அந்த ஃபாரத்தைக் குடுத்தனுப்புங்க. இந்தப் பொண்ணுதான் முதல்ல.”

போலீஸ் வேண்டாம் என்று தினேஷ் சார் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேடத்துக்கு ஒரு மெமோவோடு முடிந்துபோகும் என்றார். என்னைப் பார்த்து, “நாளையிலிருந்து நீ வர வேண்டாம். சாவியை மேடத்திடம் கொடுத்துடு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சால்வையையும் பேட்டாவையும் எடுத்துக்கொண்டு போனார். பழக்கூடை அங்கேயே இருந்தது.

நானும் ராதாவும் சேர்ந்து திரும்பி நடந்தோம். வேலை போய்விட்டது, வீட்டில் என்ன சொல்வேன் என்று தெரியாது, ஆனாலும் இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. எனக்குப் பேச்சு நிற்கவில்லை. “பாத்தியா ராதா, இனிமே உன் பேர்லயே எடுக்கலாம். உன் பேர் போட்ட டிக்கெட். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. அந்தம்மா எவ்ளோ நல்ல மனசு பாரு” என்று அளந்துகொண்டே வந்தேன்.  அவள் வீட்டு வாசலில் பாதி துவைத்த துணி பக்கெட்டில் அப்படியே கிடந்தது.

“மாட்டிவிட்டியேன்னு எனக்குக் கோவம் இல்லக்கா” என்றாள். “பயத்துல யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க. நானும் சொல்லியிருப்பேன். ஆனா கூப்பிட வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல. நான் தலையெல்லாம் சீவிட்டு வந்தேன்க்கா.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு இப்போது பயம் இல்லை. அது இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தால் பயமே தேவலை என்று இருந்தது. துணி பக்கெட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, மேடத்திடம் சாவியைக் கொடுக்கப் போனேன்.